வெள்ளிக்கிழமைப் பிளக்கு

— இல்லைக் காணும் கனிசியஸ், துடைச்சுப் பூட்டுற கதை எனக்கு வேண்டாம். உம்மட்டை இருக்கிற மோட்டச்சைக்கிள் பிளக்குகளிலை விலை கூடினது எதுவோ, அதை எடும்.

— விலை கூடினதுதானே ஐயா உதுக்குள்ளை இருக்கு. போன வெள்ளிக்கிழமை நீங்களே தெரிஞ்செடுத்தது. பித்தளைத் தொப்பி போட்ட லண்டன் பிளக்கு.

— அப்ப அதிலும் கூடினது.

— அதிலும் கூடினது ஆகாயக் கப்பலுக்குப் போடுறது. நல்லூரிலையிருந்து சாவகச்சேரிக்குப் பறந்தோ போகப் போறியள்?

— பகிடி விடாதையும். நேரம் ஒன்பதரை. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்குது. அதுக்கு முன்னம் இவளைக் கொண்டுபோய்ச் சாவகச்சேரிப் பிள்ளையார் கோயில் வாசலிலை நிப்பாட்டோணும். பொம்பிளை பாக்க மாப்பிள்ளை பகுதி அங்கை வந்து நிக்குது. விளங்குதோ?

— விளங்குது ஐயா. மூண்டு வெள்ளிக்கிழமையாய் விளங்குது. முதல்லை உங்கடை தங்கச்சியைச் சைட்காரிலையிருந்து இறங்கச் சொல்லுங்கோ. பட்டுச் சீலையோடை வெய்யிலுக்குள்ளை இருந்து அவியிறா.

— இறங்கக்கூடாது. நாள்வேளை பாத்து ஏத்தினது. நல்ல காரியத்துக்கெண்டு ஏறினவள் போய்ச் சேருமட்டும் நிலத்திலை கால் வைக்கக்கூடாது.

— அதுதான் வீட்டிலையிருந்து உங்கடை பட்டறை மட்டும் என்னை இருத்தி வைச்சே தள்ளிக்கொண்டு வந்தவர், கனிசியஸ் அண்ணை. முன்னாலை இவர், பின்னாலை வண்டில்காரன் ஏரம்பு. கோயில் வீதியிலை நிண்ட சனம் தேர் வருகுதெண்டு வழி விட்டுது. ஒரு மனிசி கும்பிட்டும் போட்டுது.

— சக்தி, வாயை மூடு. அதோடை, ஆரைப் பாத்து அண்ணை எண்டுறாய்?

— உங்கடை மோட்டச்சைக்கிளைத் திருத்தத் தெரிஞ்சவரைப் பாத்து.

— பிள்ளை கோவமாயிருக்கிறா போலை.

— அது கோவமில்லைக் காணும், படிப்பு. கொழும்பிலை விட்டுப் படிப்பிச்சது. பி.எஸ்ஸி. எங்கடை பகுதியிலை ஆம்பிளையளே ஒருத்தரும் பட்டம் எடுக்கேல்லை, இவள்தான் முதல். பௌதிகமாம். எண்டாலும் ஒண்டு சொல்லோணும், படிச்சும் பக்தி குறையேல்லை. ஒவ்வொரு வெள்ளியும் வெளிக்கிட முன்னம் தன்ரை கையாலை சந்தனம் அரைச்சு இந்த வாகனத்துக்குப் பொட்டு வைச்சுக் கும்பிடுவாள். நானும் அதைத் தொட்டுக் கண்ணிலை ஒற்றிப்போட்டுத்தான் உதைக்கிறது.

— அப்பிடிக் கும்பிட்டும் பிடிக்கேல்லை.

— அதுதான் சொல்லுறன், பிளக்கு. மற்ற நாளிலை ஒரு உதையிலை பிடிச்சுக் கச்சேரிக்கு உத்தியோகம் பாக்கக் கொண்டுபோகுது. இவளை ஏத்தினால் செத்துப் போகுது. முதலாம் வெள்ளி சாதாரணப் பிளக்கு கிடந்தது. சரி, மலிவுச் சாமான் கையை விட்டிட்டுது எண்டு உம்மட்டை நடுத்தரம் ஒண்டு வாங்கினன். இரண்டாம் வெள்ளி அதுவும் செத்துது. லண்டன் வாங்கினன். இண்டைக்கு அதுவும்.

— முந்தின ரெண்டு முறையும் நீங்கள் பிளக்கைத் துடைச்சு லேஞ்சித் துணிக்குள்ளை சுத்திக் கொண்டு வந்தனியள். வண்டியை இண்டைக்குத்தான் என்ரை கண்ணிலை காட்டுறியள். பாக்காமல் நான் என்னத்தைச் சொல்ல?

— பாக்க என்ன கிடக்கு? விலை கூடின சாமானுக்கு ஒரு குணம் இருக்கு. அதை வாங்கிப் போட்டவனை ஒருத்தரும் குறை சொல்லேலாது.

— ஐயா, பிளக்குக்கு ஒரு வேலைதான். பொறி விடுறது. மலிவுப் பிளக்கு விடுறதும் நெருப்புப் பொறிதான், லண்டன் பிளக்கு விடுறதும் நெருப்புப் பொறிதான். விலை கூடினது கனநாள் தேயாது, சூடு தாங்கும். ஓமெண்டுறன். பந்தயம் ஓடுறவனுக்கு அது வேணும். வீட்டுக்கும் கச்சேரிக்கும் ஓடுற கிளாக்கருக்கு என்னத்துக்கு?

— சீஃப் கிளாக்கர்.

— சீஃப் கிளாக்கருக்கும் என்னத்துக்கு? நான் துறைமுகத்து லோஞ்சுப் படகிலை பன்னிரண்டு வருசம் எஞ்சின் பாத்தவன். அங்கை போடுறதெல்லாம் விலை கூடினதுதான். ஆனால் போன கிழமை உங்களுக்குச் சொன்ன மாதிரி, ஒரு அலை மேலாலை அடிச்சுதெண்டால்—

— சொன்னனீர், சொன்னனீர். கடல் கதையை விட்டிட்டு வேலையைப் பாரும்.

— அண்ணை, அவர் வேலையைப் பாக்கட்டும். நீங்கள் அதுக்கிடையிலை இந்தக் காயிதத்திலை ஒரு கையெழுத்து வையுங்கோ.

— தொடங்கிட்டாள். அதையும் சைட்காருக்குள்ளை கொண்டு வந்திட்டியோ?

— என்ன காயிதம் பிள்ளை?

— மிசன் பள்ளிக்கூடமொண்டிலை சயன்ஸ் படிப்பிக்கிற வேலை, கனிசியஸ் அண்ணை. எனக்குத் தந்திருக்கினம். கலியாணம் முடிக்காத பிள்ளையெண்டால் வீட்டுக்குப் பெரிய ஆம்பிளை சம்மதமெண்டு கையெழுத்து வைக்கோணுமாம். அப்பா இல்லை. மிஞ்சினது இவர். இண்டைக்கு மத்தியானத்துக்குள்ளை மனேச்சரிட்டைக் குடுக்காட்டில் வேறை ஆளைப் போட்டிடுவினம்.

— போடட்டும். தமையன் குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்கை தங்கச்சி உழைக்கப் போறதோ? கட்டிக் குடுக்க வக்கில்லாமல் படிப்பிக்க அனுப்பிப் போட்டான் எண்டு ஊர் என்னையெல்லோ கேக்கும். உன்னை ஒருத்தன்ரை கையிலை குடுத்தாப் பிறகு அவன் பாடு, உன் பாடு.

— அவன் மலாயாவிலை.

— மலாயா ரெயில்வேயிலை ஸ்ரேசன் மாஸ்ரர். ஆள் லேசுப்பட்டதில்லை.

— அங்கை எனக்கு என்ன வேலை? பச்சைக் கொடி காட்டவோ?

— பாத்தீரே கனிசியஸ், உதுதான் படிப்பு. முந்தநாள் தரகர் நமசிவாயம் வந்து கடைசிச் சொல்லாய்ச் சொல்லிப்போட்டார். இந்த வெள்ளியும் பொம்பிளை வராட்டில், சகுனம் சரியில்லையெண்டு கைதடியிலை வேறை ஒரு பிள்ளையைப் பாத்து முடிச்சுப் போடுவினமாம். மாப்பிள்ளை வாற கிழமை கப்பலேறுறார். இண்டைக்கு விட்டால் விட்டதுதான். விளங்குதோ?

— அவையள் கேட்டதையும் சொல்லுங்கோவன். நாங்கள் இருக்கிற கல்வீடும் வளவும் எனக்குச் சீதனமாய் எழுதோணுமாம். அதோடை இந்த மோட்டச்சைக்கிளும். ராசாவின்ரை முடிசூட்டு விழா வருசத்து மொடல் எண்டதும் தெரிஞ்சு வைச்சிருக்கினம்.

— கேக்கட்டுமே. வீடு பொம்பிளைப்பிள்ளைக்கு எண்டுறது எங்கடை வழமைதானே. நான் மறுத்தனானோ?

— மறுக்கேல்லை. எழுதின அடுத்த நாள் அண்ணியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அண்ணியின்ரை சீதன வீட்டுக்குப் போறதெண்டு சொல்லிக்கொண்டு திரியிறியள். சுன்னாகத்து மண்வீடு.

— போகத்தான் வேணும். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், சட்டி வைச்சு ஏந்துவம். கடமை எண்டு ஒண்டு இருக்கு. நான் உடுப்புப் பெட்டி கூட அடுக்கச் சொல்லிப்போட்டன்.

— அண்ணி இன்னும் அடுக்கேல்லை.

— அடுக்குவாள்.

— நல்ல மனம் ஐயா உங்களுக்கு. சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, பிளக்கைப் பாப்பம். இதென்ன இது? வெள்ளைப் பீங்கான் முழுக்கச் சந்தனம். நடுவிலை குங்குமம் வேறை.

— சொன்னன்தானே. சாமான் விலை கூடினதெண்ட உடனை பொட்டையும் பெரிசாய் வைச்சிருக்கிறாள்.

— ஏன் பிள்ளை, முன் லைற்றிலை வைச்சால் ஆகாதோ?

— இதுதான் பிள்ளையார் மாதிரி இருந்தது. வெள்ளையாய், குந்திக்கொண்டு.

— ம்.

— கனிசியஸ், என்ன காணும் செய்யிறீர்? சாமிக்கு வைச்ச சந்தனத்தை நாக்கிலை வைக்கிறீர்.

— சும்மா ருசி பாத்தனான் ஐயா.

— மாதா கோயிலுக்குப் போற வேதக்காரருக்குச் சந்தனம் என்ன ருசி?

— எல்லாருக்கும் ஒரே ருசிதான். ஐயா, கொஞ்சம் வேலை கிடக்கு. நீங்கள் தள்ளின தள்ளுக்கு வேர்த்துச் சட்டை ஒட்டிப்போய் நிக்கிறியள். சந்தியிலை பிலிப்புவின்ரை கடையிலை ஒரு சோடா குடிச்சிட்டு வாங்கோ. வரேக்கை முடிவாய்ச் சொல்லுறன்.

— எவ்வளவு நேரம் செல்லும்?

— பத்து நிமிசம்.

— ஆறுதலாய்ப் பாரும். அவசரத்திலை ஒண்டும் உடைச்சுப் போடாதையும். சக்தி, நீ இறங்கிப் போடாதை.

— இறங்கேல்லை அண்ணை. போங்கோ.

— போட்டாரோ பிள்ளை?

— சந்தியிலை திரும்பிட்டார்.

— அப்ப கேக்கிறன். நானும் ஒரு விசரன், இந்த வண்டிக்கெண்டு ரெண்டு பிளக்கு வித்துப்போட்டன். ஒரு பிளக்கிலையும் பிழையில்லை. இந்தா, முதலாம் வெள்ளி அவர் எறிஞ்ச பழசு தகரப் பேணிக்குள்ளை கிடக்கு. கம்பியைக் கொழுவி, எஞ்சினுக்கு மேலை வைச்சு உதைக்கிறன், பாருங்கோ.

— நீலப் பொறி.

— இப்ப லண்டனைத் துடைச்சுப் போட்டு.

— அதே நீலம்.

— பீங்கான் காய்ஞ்சு துப்புரவாய் இருந்தால் பொறி உள்ளுக்கை இறங்கும். ஈரத்தைப் பூசி விட்டால் வெளியாலையே வழுக்கி இரும்புக்கு ஓடிப்போடும். உள்ளுக்கை நெருப்பில்லை. உது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

— இரண்டாம் வருசத்துப் பாடம்.

— அப்ப பக்தி இல்லை.

— பக்திதான். எல்லாரும் பிள்ளையாரிட்டை விக்கினத்தைத் தீர்க்கச் சொல்லிக் கும்பிடுவினம். நான் ஒரு விக்கினம் தாரும் எண்டு கும்பிட்டன். அண்ணையிட்டைச் சொல்லிக் குடுக்கப் போறியளோ?

— நான் ஏன் சொல்லப்போறன்? வாயாலை சொல்லிப் பாத்திருக்கலாமே, பிள்ளை.

— மூண்டு மாசம் சொன்னன். நான் ஏலாதெண்டால் அது படிச்ச திமிர். மோட்டச்சைக்கிள் ஏலாதெண்டால் அது சகுனம். எங்கடை வீட்டிலை என்னைவிட இரும்பின்ரை சொல்லுக்குத்தான் மதிப்பு. அதாலை இரும்பைக் கொண்டு சொல்லுவிச்சன்.

— எண்டாலும் கெட்டிக்காரி. வெறும் சந்தனமெண்டால் நீங்கள் கோயில் வீதி தாண்ட முன்னமே வெய்யிலுக்குக் காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். தள்ளின தள்ளுக்கே எஞ்சின் பிடிச்சிருக்கும். அதுக்கும் வழி கண்டு வைச்சிருக்கிறியள்.

— என்ன வழி?

— உப்பு. உப்புப் போட்டுக் குழைச்சது லேசிலை காயாது, ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். பொறியும் அதுக்குள்ளாலை லேசாய் ஓடிப்போடும். நாக்கிலை வைச்ச உடனை குருநகர்க் கடல் மாதிரிக் கரிச்சுது.

— உப்போ? நான் உப்புப் போடேல்லை.

— என்னட்டை ஏன் பிள்ளை மறைக்கிறியள்?

— மறைக்கிறதெண்டால் சந்தனத்தையெல்லோ மறைச்சிருப்பன். கிணத்துத் தண்ணியிலை அரைச்சு வைச்சனான். உப்பு எனக்கு யோசினையிலையே வரேல்லை. வந்திருந்தால் நானும் போட்டிருப்பன்.

— அப்ப ஆர் போட்டது?

— பொறுங்கோ. காலமை அண்ணி குசினியிலை நிண்டு கத்தினவ. உப்புச் சட்டி திறந்து கிடக்குது, ஆர் கை வைச்சதெண்டு. என்னைத்தான் பேசினவ. நான் குசினிப் பக்கமே போகேல்லை.

— பிள்ளை, போன கிழமை நான்தான் உங்கடை அண்ணைக்குச் சொன்னது. உப்புத் தண்ணி பட்டுதெண்டால் எவ்வளவு விலை கூடின பிளக்கும் செத்துப் போகும் எண்டு. அண்டைக்குக் கடல் கதை எண்டு தட்டிக் கழிக்கேல்லை. நல்லாய்க் காது குடுத்துக் கேட்டவர். கொஞ்ச உப்புப் போதுமோ எண்டும் கேட்டவர்.

— நான் பொட்டு வைச்சாப் பிறகு மோட்டச்சைக்கிள் கொட்டிலுக்குள்ளை தனியப் போனது அவர் ஒருத்தர்தான். தொட்டுக் கண்ணிலை ஒற்ற.

— மாதாவே.

— மண்வீடு. ஒழுகிற கூரை. சட்டி வைச்சு ஏந்துவம் எண்டார், கேட்டியளோ? எந்தச் சட்டியெண்டு இப்பத்தான் தெரியுது.

— எண்டால் பிள்ளை, அவரும் உங்கடை பக்கம்தானே. ரெண்டு பேருக்கும் இந்தக் கலியாணம் வேண்டாம். நல்லதுதானே?

— என்ரை பக்கமோ? அவர் வீட்டின்ரை பக்கம். ஒரே பிளக்கிலை ரெண்டு பேரும் பூசியிருக்கிறம். நான் வேலைக்கெண்டு அந்த வீட்டை விட்டு வெளிக்கிட, அவர் வெளிக்கிடாமல் இருக்க. கலியாணத்தையும் குழப்பிப்போட்டு, வேலைக்கும் விடமாட்டாராம். ஊர் கதைக்குமாம். நான் அந்தக் கல்வீட்டு மூலையிலை சும்மா இருந்து நரைக்கோணும், இவர் முன் விறாந்தையிலை இருந்து தங்கச்சிக்குப் பலன் கூடி வரேல்லையெண்டு பெருமூச்சு விடோணும்.

— அதுக்கு ஏன் லண்டன் பிளக்கு? மலிவிலை ஒண்டைப் போட்டு உப்பைத் தடவியிருக்கலாம்.

— மலிவுப் பிளக்கு நிண்டால் தமையனைக் குறை சொல்லுவினம். லண்டன் பிளக்கு நிண்டால் பாவம், அவன் எல்லாம் செய்து பாத்தான் எண்டுவினம். நடு வீதியாலை வேர்க்க வேர்க்கத் தள்ளினதும் அதுக்குத்தான். வண்டில்காரன்ரை மாட்டைக் கட்டி இழுத்திருக்கலாம், ஏரம்பு சொன்னவன். இவர் விடேல்லை.

— நான் வித்த பிளக்குக்கு இப்பிடி ஒரு பிரயோசனம் இருக்கெண்டு எனக்கே தெரியாது.

— கனிசியஸ் அண்ணை, வண்டி இப்ப ஓடுமோ?

— துடைச்சாச்சு. பூட்டினால் ஒரு உதை.

— அவர் வாறார். கையிலை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. பூட்டாதையுங்கோ.

— என்ன கனிசியஸ், சரிவரேல்லையே? எனக்குத் தெரியும். நேரமும் போட்டுது. சரி, நாங்கள் என்ன செய்யேலும்?

— பத்துக்கு இன்னும் ஏழு நிமிசம் கிடக்கு, அண்ணை. கனிசியஸ் அண்ணை திருத்திப் போட்டார். அரை மணித்தியாலத்திலை சாவகச்சேரி.

— திருத்திப் போட்டாரோ?

— ஓம் ஐயா. ஓடும்.

— இதை நம்பேலாது காணும். நாவற்குழிப் பாலத்திலை நிண்டுதெண்டால்? பொம்பிளைப்பிள்ளையோடை வெட்ட வெளியிலை நிக்கிறதோ? அந்த ஆகாயக் கப்பல் பிளக்கு எண்டீரே, அதுக்கு எழுதிப் போடும்.

— அது சீமையிலையிருந்து வரோணும் ஐயா. ஒண்டரை மாசம் செல்லும்.

— செல்லட்டும். அதிலும் தூரத்திலையிருந்து வாறது ஏதும் இருந்தாலும் விசாரிச்சுப் பாரும்.

— மாப்பிள்ளை வாற கிழமை கப்பலேறுறார், அண்ணை.

— அதுக்கு நான் என்ன செய்ய? மூண்டு தரம் தடுத்திட்டுது. தெய்வத்துக்கு விருப்பமில்லை. நான் பட்ட பாடு ஊருக்குத் தெரியும்.

— எனக்கு இப்ப விருப்பம் வந்திட்டுது. போவம்.

— என்ன?

— மலாயாவுக்குப் போறன். கொடி காட்டுறன். கல்வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போறன். நீங்கள்தானே வழமை எண்டியள்.

— சக்தி, அவசரப்படாதை. கலியாணம் எண்டுறது விளையாட்டில்லை. பிள்ளையின்ரை விருப்பத்தையும் கேக்கோணும்.

— மூண்டு மாசத்திலை இண்டைக்குத்தான் அந்தச் சொல்லு உங்கடை வாயிலை வந்தது. அண்ணை, சந்தனம் வைச்சது நான். பொறி உள்ளை போகக்கூடாதெண்டுதான் வைச்சனான், பக்தியும் இல்லை ஒண்டும் இல்லை. பேசுறதெண்டால் பேசுங்கோ. ஆனால் உப்பு என்ரை இல்லை.

— ஐயா, இன்னுமொரு சோடா எடுப்பிக்கவோ?

— என்ன உப்பு? விசர்க் கதை.

— சட்டியை நீங்கள் மூடேல்லை. அண்ணியின்ரை ஏச்சுப் பேச்சு எனக்கு. அவவைக் கூப்பிட்டுக் கேப்பமோ, இல்லாட்டில் மாப்பிள்ளை பகுதிக்கு முன்னாலை கோயில் வாசலிலை கேப்பமோ? நேரம் கிடக்கு.

— மெல்லக் கதை. றோட்டாலை சனம் போகுது.

— றோட்டு ரெண்டு பக்கமும் போகும், அண்ணை. கிழக்காலை போனால் சாவகச்சேரி. நான் வாசலிலை தலையைக் குனிஞ்சு நிப்பன், ஓமெண்டு சொல்லுவன், நீங்கள் மழைக்கு முன்னம் சுன்னாகத்துக்குச் சாமான் ஏத்துவியள். மேற்காலை போனால் பள்ளிக்கூடம். மனேச்சர் மத்தியானம் மட்டும் இருப்பார். பிளக்கு கனிசியஸ் அண்ணையின்ரை கையிலை கிடக்கு. காயிதம் என்ரை கையிலை கிடக்கு.

— ஊர் என்ன சொல்லும்?

— தள்ளேக்கை ஊர் பாத்தது. அது போதும். அவன் எல்லாம் செய்து பாத்தான் எண்டு சொல்லும்.

— கனிசியஸ், நீர் ஒண்டும் கேக்கேல்லை. விளங்குதோ?

— விளங்குது ஐயா. எந்தப் பக்கமெண்டு சொன்னால் பிளக்கைப் பூட்டுவன்.

— பொறும் காணும். உம்மட்டைப் பேனை இருக்கோ?

— இருக்கு ஐயா. விலை குறைஞ்சதுதான். ஆனால் எழுதும்.